அடுப்புச் சாம்பலும் அம்மைக் கொட்டகையும்

கண்டக்டர் வேலைக்கு ஒரு விசில் வேண்டும், ஒரு தோல் பை வேண்டும், வற்றாத எச்சில் வேண்டும். கட்டைவிரலை நாக்கில் தொடாமல் டிக்கெட் கிழிக்கும் கண்டக்டரை நான் பார்த்ததில்லை. காரைக்குடியிலிருந்து பிள்ளையார்பட்டி வழியாகக் கண்டரமாணிக்கம் போய்த் திரும்பும் தனியார் பஸ்ஸில் ஒன்பது வருஷம் நானும் அப்படித்தான் நக்கி நக்கிக் கிழித்துக் கொடுத்தேன். ஒருவரும் முகம் சுளித்ததில்லை. பெரியம்மை பரவிய அந்த வருஷம்தான் ஜனங்களின் கண் என் நாக்கின் மேல் விழுந்தது.

அறுபதுகளின் நடுவில் ஒரு கோடை அது. பஸ்ஸில் ஆளுக்கொரு வைத்தியர். காற்றில் வருகிறது என்றார் ஒருவர். இல்லை, சில்லறைக் காசில் ஒட்டிக்கொண்டு வருகிறது என்றார் இன்னொருவர். வெளுக்கப் போட்ட துணியில் வருகிறது, அம்மை கண்டவர் நிழல் பட்டாலே வருகிறது என்றெல்லாம் பேச்சு. பிள்ளையார்பட்டியில் ஏறும் மோர்க்காரி அழகம்மை மட்டும் நேராக என்னைப் பார்த்தே சொன்னாள்: "எனக்கு டிக்கெட்டு வேணாம்ப்பா. ஒன் எச்சியத் தொட்டுட்டு நான் மோர் விக்க முடியாது. காசு இந்தா, சும்மா ஏத்திக்கிட்டுப் போ." பஸ் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன், ஆனால் டிக்கெட்டை அவள் கூடையில் போட்டுவிட்டுத்தான் நகர்ந்தேன். செக்கிங் வந்தால் என் வேலை போய்விடுமே.

இந்தக் கதையில் என் குற்றம் அந்த எச்சில் இல்லை. அதைவிடப் பெரியது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் தெரு முத்துமாரியம்மன் கோவில் திருவிழாவுக்குக் காப்புக் கட்டி நாலாம் நாள், நகராட்சியிலிருந்து அம்மை குத்துகிறவர்கள் வந்தார்கள். கூட வந்தவர் ஹெல்த் இன்ஸ்பெக்டர் காதர். ஒல்லியான மனுஷன், காக்கிச் சட்டை, சைக்கிள். ஆத்தாவுக்குக் காப்புக் கட்டியிருக்கும்போது ஊசி குத்திக்கொள்வது அவள் முகத்தில் அறைவது போல என்று தெருவில் எல்லோருக்கும் நினைப்பு. எனக்கோ இன்னும் கூடுதல். கல்யாணமாகி நாலு வருஷம் கழித்துப் பிறந்த மகள் மீனாளுக்காக அந்த வருஷம் தீச்சட்டி எடுப்பதாக வேண்டியிருந்தேன். மணிக்கட்டில் மஞ்சள் காப்பு இருந்தது. ஆனால் மறுத்தால் காதர் திண்ணமாக நின்று வாதாடுவார், தாசில்தார் வரைக்கும் போவார். அதனால் தெருவே ஒரு தந்திரம் செய்தது. சிரித்த முகமாகக் கையை நீட்டுவது, நோட்டில் கையெழுத்துப் போடுவது, அவர்கள் அடுத்த வீட்டுக்குள் நுழைந்ததும் குத்திய இடத்தை அடுப்புச் சாம்பலால் அழுந்தத் துடைத்து, சுண்ணாம்புத் தண்ணீரால் கழுவிவிடுவது. அன்றைக்கு எங்கள் தெருவில் சாம்பலுக்கு நல்ல கிராக்கி.

என் மனைவி வள்ளி தன் கையைத் துடைக்கவில்லை. "இருந்துட்டுப் போகட்டுமே, நாலு பேரு படிச்சவக சொல்றாகள்ல" என்றாள். நான்தான் அவள் மடியிலிருந்த பத்து மாதக் குழந்தையின் இடது கையைப் பிடித்து, சாம்பலைத் தொட்டு, வேட்டி நுனியால் துடைத்தேன். குழந்தை வீறிட்டு அழுதது. பிறகு என் கையையும் துடைத்துக்கொண்டேன். நோட்டில் எங்கள் மூன்று பேர் பெயருக்கு நேராகவும் சரி என்று குறி விழுந்திருந்தது.

தீச்சட்டியும் எடுத்தேன். கையில் ஒரு கொப்புளம் இல்லை. எனக்குத் தலைக்கனம்.

திருவிழா முடிந்து மூன்று வாரம் இருக்கும். ஒரு திங்கட்கிழமை காலையில் இடுப்பை யாரோ கடப்பாரையால் நெம்புவது போல வலி. மண்டை பிளந்தது. உடம்பு அனலாகக் கொதிக்க, அன்றைக்கு இரண்டு நடை போய் வந்தேன். மூன்றாம் நடையில் டிரைவர் சுப்பையா அண்ணன் வண்டியை ஓரம் கட்டிவிட்டார். "கருப்பையா, நீ டிக்கெட்டு கிழிக்கிறியா, இல்ல நடுங்குறியான்னே தெரியல. வீட்டுக்குப் போடா" என்றார். செவ்வாயும் புதனும் பாயில் கிடந்தேன். மீனாள் தவழ்ந்து வந்து என் மார்பில் ஏறிப் படுத்துக்கொள்ளும். என் உடம்புச் சூடு அதற்குப் பிடித்திருந்தது போல.

வியாழக்கிழமை காலையில் வள்ளி கஞ்சி கொண்டுவந்தவள் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். போய் வேப்பிலை ஒடித்து வந்து நிலையில் செருகினாள். அடுப்பில் தாளிப்பு நின்றது. தலை வாருவது நின்றது. வந்திருக்கிற பெயரை வாயால் சொல்லாமல், "ஆத்தா வந்திருக்கா" என்றாள். நெற்றியிலும் முன்னங்கையிலும் கடுகு கடுகாக முத்து. தொண்டைக்குள்ளும் இருந்தது, எச்சில் விழுங்க முடியவில்லை. ஒன்பது வருஷம் வற்றாத எச்சில்.

வேப்பிலை நிலையில் ஏறினால் ஊருக்கே தெரிந்துவிடும். மறுநாள் காலை காதர் வந்துவிட்டார். வாசலில் நின்றே கேட்டார்: "பிள்ளைக்குப் போன மாசம் குத்துனது இருக்குல்ல?"

"இருக்கு சார். நோட்டுல பாருங்க" என்றேன்.

வள்ளி கதவுக்குப் பின்னால் குழந்தையோடு நின்றாள். வெளி ஆள் முன்னால் என்னை மறுத்துப் பேசமாட்டாள். அந்த மரியாதை அன்றைக்கு எங்களைக் கொல்லப் பார்த்தது.

என்னை ஒரு மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். குன்றக்குடி சாலையில், ஊரை விட்டுத் தள்ளி, ஓட்டுக் கொட்டகை. சுற்றி முள்கம்பி வேலி. ஆறு கட்டில். இது பரவும் நோய் என்பதால் பெரிய ஆஸ்பத்திரிக்குள் வைக்க மாட்டார்கள். உள்ளே வந்தவன் கடைசிப் பொருக்கு உதிரும் வரை வெளியே போக முடியாது. துணியைக் கழற்றிக் கொதிக்கப் போட்டார்கள். என் விசில்கூடக் கொதித்தது.

டாக்டர் சின்ன வயசுக்காரர், வடக்கே ஆற்காட்டுப் பக்கம். கோபம் மூக்கு நுனியில் இருந்தாலும், கேட்டால் பொறுமையாக விளக்குவார். இதற்கு மருந்து என்று ஒன்றும் கிடையாது, உடம்பு தானே சண்டை போட வேண்டும், நாங்கள் புண் சீழ் பிடிக்காமலும் கண் கெடாமலும் பார்த்துக்கொள்வோம், அவ்வளவுதான் என்றார். எப்படி ஒட்டுகிறது என்று கேட்டேன். அருகில் இருப்பவர் விடும் மூச்சிலும், இருமலில் தெறிக்கும் எச்சில் துளியிலும், அவர் படுத்த துணியிலும், உதிர்ந்த பொருக்கிலும் என்றார். பஸ்ஸில் பேசியதில் பாதி பொய், பாதி மெய்.

பிறகு என் இரண்டு கையையும் திருப்பிப் பார்த்தார். "தழும்பையே காணோமே? போன மாசம் குத்தியிருக்குன்னு எழுதியிருக்கு."

"சில பேருக்குப் பிடிக்காதுன்னு சொல்லுவாகளே சார்."

அவர் என் கையை விட்டார். "சரி. வீட்ல குழந்தை? அதுக்குப் பிடிச்சுதா?"

"ஆச்சு சார்."

"நல்லது. இல்லேன்னா இப்பவாவது குத்தணும். வியாழக்கிழமை உங்க உடம்புல தெரிஞ்சிருக்கு. அதிலிருந்து மூணு நாளைக்குள்ள குத்தினா, நோய் முளைக்கறதுக்கு முன்னாடி ஊசி முந்திக்கும். ஞாயிறு தாண்டினா ஊசி போட்டும் பிரயோஜனம் இல்லை. அந்த வயசுக் குழந்தை தாங்காது."

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. சரி என்று தலையை ஆட்டிவிட்டேன். ஏன் சொல்லவில்லை என்று பல பேர் பிற்பாடு கேட்டிருக்கிறார்கள். வெட்கம் ஒன்று. இரண்டாவது, பயம். ஆத்தா வீட்டுக்குள் வந்து உட்கார்ந்திருக்கும்போது அவள் கண் முன்னால் குழந்தையை மறுபடி குத்தினால் அவள் சும்மா விடுவாளா? துடைத்ததால் கோபமா, குத்தியதால் கோபமா, எதற்காக என்னை இப்படிப் படுக்கப் போட்டாள் என்று எனக்கே குழப்பம். சாயங்காலம் வரை அந்தக் குழப்பத்தில் புரண்டேன். புரள முடியாத உடம்போடு புரண்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். வாழையிலை விரித்துப் படுத்தும் முதுகு ஒட்டிக்கொண்டது.

பக்கத்துக் கட்டிலில் செல்லையா என்று காளையார்கோவில் பக்கத்து வண்டிக்காரர். எனக்கு ஒரு வாரம் முந்தியவர். முகம் முழுக்க முத்து ஒன்றோடொன்று கூடிப்போய், கண் திறக்காது. பேச்சு மட்டும் உண்டு. "எந்த ஊரு பஸ்ஸு தம்பி நீ? ஒன் பஸ்ஸுல என் மாட்ட ஏத்துவியா?" என்று கேலி செய்வார். சனிக்கிழமை காலையில் அவர் கேலியைக் காணோம். வெள்ளைத் துணியில் சுற்றி, சுண்ணாம்பு தூவி எடுத்துப் போனார்கள். அவருடைய ஆட்கள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று அழுதார்கள். ஒருவரையும் தொட விடவில்லை.

அவ்வளவு பெரிய ஆளையே தூக்கிக்கொண்டு போயிற்று. எனக்கு மீனாளின் இடது கைதான் நினைவு வந்தது. என் பெருவிரல் அளவுகூட இல்லாத இடத்தை நான் எவ்வளவு அழுத்தமாகத் துடைத்தேன்.

பத்து மணிக்குக் காதர் வந்து வேலிக்கு அந்தப் பக்கம் நின்றார். திங்கட்கிழமை என் பஸ்ஸில் ஏறியவர்களைத் தேடிப் போய்க் குத்த வேண்டும், பெயர் சொல்லுங்கள் என்றார். கண்டக்டருக்குப் பெயர் எங்கே தெரியும்? குன்றக்குடியில் ஏறும் குடைக்காரர், கண்டரமாணிக்கத்தில் இறங்கும் இரட்டைப் பின்னல் டீச்சர், பிள்ளையார்பட்டி மோர்க்காரி என்று சொல்லிக்கொண்டே வந்தேன். அவர் எழுதிக்கொண்டே வந்தார். கடைசியில் நோட்டை மடக்கும்போது, "சார், இன்னொரு பேரு இருக்கு" என்றேன்.

"யாரு?"

"எம்மக மீனாள்."

சொன்னேன். சாம்பல், சுண்ணாம்பு, வேட்டி நுனி, எல்லாம். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர் முகம் வெளிறிப் போயிற்று. "தெருவே தொடச்சீகளா?" என்று மட்டும் கேட்டார். தலையை ஆட்டினேன். சைக்கிளை எடுத்துக்கொண்டு பறந்தார்.

ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்துவிட்டார், சட்டை தெப்பமாக நனைந்து. "கதவத் தெறக்க மாட்டேங்குது ஒங்க வீட்டம்மா. மூணு தண்ணி ஊத்தி ஆத்தாள அனுப்பாம யாரும் படி ஏறக் கூடாதாம். ஆத்தா இருக்கயில குத்துனா ரெட்டிப்பாக் கேப்பாளாம். நான் போலீஸக் கூட்டிக்கிட்டுப் போகலாம். ஆனா அது ஓடிப் போய்க் கெணத்துல குதிச்சுட்டா? நீங்க எதாச்சும் எழுதிக் குடுங்க."

எழுதிக் கொடுக்க வழியில்லை. கொட்டகையிலிருந்து ஒரு துண்டுக் காகிதம் வெளியே போகக் கூடாது என்று டாக்டர் உத்தரவு. அதிலும் நோய் ஒட்டும். வாயால்தான் சொல்ல வேண்டும், இவர் சொன்னால் வள்ளி நம்ப வேண்டும். யோசித்துச் சொன்னேன்: "அன்னைக்கு அடுப்புல கை விட்டுச் சாம்பல எடுத்தது நான். இருந்துட்டுப் போகட்டும்னு சொன்னது நீ. நீ சொன்னதுதான் சரி. ஆத்தா கேட்டா என்னயக் கேக்கட்டும், நான் பதில் சொல்லிக்கிறேன். கதவத் தெற. இத அப்படியே சொல்லுங்க சார், ஒரு சொல்லு மாறாம."

காதர் இரண்டு முறை திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டார், பள்ளிக்கூடத்துப் பையன் போல.

வள்ளி கதவைத் திறந்தாள். அந்த வார்த்தைகள் எங்கள் வீட்டு அடுப்படியில் பேசியவை, வேறு யாருக்கும் தெரியாது என்று அவளுக்குத் தெரியும். குழந்தையின் வலது கையில் இரண்டு இடத்தில் குத்தினார்கள். காதர் திண்ணையிலும் உட்காராமல், அது நன்றாகக் காயும் வரை வெயிலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாராம். பிறகு தெருவில் ஒவ்வொரு கதவாகத் தட்டினாராம்.

இனி காத்திருப்பதுதான். பதினேழு நாள் என்றார் டாக்டர். அதற்குள் காய்ச்சல் வராவிட்டால் தப்பித்தாள். ஊசி வேலை செய்கிறதா என்று ஒரு வாரத்தில் கையிலேயே தெரியும். வள்ளியும் குழந்தையும் வீட்டை விட்டு வரக் கூடாது. எனக்குச் செய்தி எப்படி வரும்?

அதற்கு வழி செய்தவர் சுப்பையா அண்ணன். பினாயில் ஊற்றிக் கழுவிய பஸ் மறுபடி ஓடத் தொடங்கியிருந்தது. என் வீட்டு முனையைத் தாண்டித்தான் அது இந்தச் சாலைக்கு வர வேண்டும். வேலியோரம் வண்டியை நிறுத்தி உரக்கக் கத்தினார்: "கருப்பையா! தெனம் காலையில ஒம் பொண்டாட்டிகிட்டக் கேட்டுக்கிட்டு வருவேன். பிள்ள நல்லாருந்தா ரெண்டு ஹாரன். மேலுக்குச் சரியில்லன்னா ஒண்ணு. கேக்குதாடா?"

கேட்டது. காலை ஏழே முக்காலுக்கு ரப்பர் பந்து ஹாரன், பாம் பாம். அந்த நாட்களில் எனக்குச் சோறும் மருந்தும் அதுதான். முத்து எல்லாம் நீர் கோத்து, பிறகு சீழ் கோத்து, காய்ச்சல் மறுபடி ஏறிய நாட்கள் அவை. என் உடம்பின் வாடை எனக்கே குமட்டியது. கண் இமை ஒட்டிப்போய் இரண்டு நாள் ஒன்றும் தெரியவில்லை, குருடாகிவிட்டேன் என்றே நினைத்தேன். கொட்டகை ஆயா போரிக் தண்ணீரால் கழுவிக் கழுவித் திறந்தாள். அப்போதும் காது மட்டும் சாலையில் இருக்கும். பாம் பாம். ஒரு நாள் ஆயிற்று. பாம் பாம். இன்னொரு நாள்.

அடுத்த ஞாயிறு. குத்தி எட்டாம் நாள். ஏழே முக்காலுக்கு பஸ் சத்தம் கேட்டது. பாம்.

இன்னொன்றுக்காகக் காத்திருந்தேன். பஸ் இரைச்சல் தேய்ந்து போயிற்று. இன்னொன்று வரவில்லை.

எழுந்து நடந்தேன். நடக்க முடியாது, உள்ளங்காலெல்லாம் முத்து. அதன் மேலேயே நடந்து வேலியைப் பிடித்தேன். ஆயா வந்து இழுத்தாள். நான் அவளை என்னென்னவோ பேசிவிட்டேன், இன்றைக்கும் அதை நினைத்தால் கூசுகிறது. ஆத்தாவையும் விட்டுவைக்கவில்லை. "என்னய எடுத்துக்க, தீச்சட்டி எடுத்தவன்டீ நான்" என்று கத்தினேன். டாக்டர் வந்து தோளைப் பிடித்து உட்கார வைத்தார். "எட்டாம் நாள்தானே? நோயா இருந்தா இன்னும் ரெண்டு மூணு நாள் போகணும். இது ஊசிக் காய்ச்சலாவும் இருக்கலாம்." இருக்கலாம் என்றுதான் சொன்னார். சத்தியம் செய்யச் சொன்னேன். மாட்டேன் என்றார்.

காதர் வருவதற்கு மத்தியானம் ஆகிவிட்டது. தூரத்தில் சைக்கிளைப் பார்த்ததும் அவர் முகத்தைத்தான் பார்த்தேன். வேலிக்கு வந்து, மூச்சு வாங்க, தன் வலது கையைத் தூக்கி, மேல் கையில் விரலால் இரண்டு வட்டம் போட்டுக் காட்டினார்.

"பிடிச்சிருச்சு! ரெண்டு எடத்துலயும் கொப்புளம், நடுவுல குழி விழுந்து, பால் கட்டி நிக்கிது. சுத்திச் செவந்து கெடக்கு. அதுக்குத்தான் காச்சல். நல்ல காச்சல்ப்பா, நல்ல காச்சல்!"

காய்ச்சலுக்காக ஒரு மனிதன் சந்தோஷத்தில் அழுதது அன்றைக்குத்தான் இருக்கும். கன்னத்துப் புண்ணில் கண்ணீர் பட்டு எரிந்தது. எரியட்டும் என்று விட்டுவிட்டேன்.

அதன் பிறகு இரண்டு ஹாரன்தான். பதினேழாம் நாள் சுப்பையா அண்ணன் வேலி முனையிலிருந்து சாலை வளைவு வரை விடாமல் அடித்துக்கொண்டே போனார். பயணிகள் திட்டியிருப்பார்கள்.

எனக்கு விடுதலை அவ்வளவு சீக்கிரம் இல்லை. முகத்துப் பொருக்கு உதிர்ந்த பிறகும், உள்ளங்காலில் தடித்த தோலுக்கு அடியில் பயறு போல ஒன்று மிச்சமிருந்தது. ஒன்பது வருஷம் பஸ்ஸில் நின்ற கால். அதை ஊறவைத்து ஊசியால் எடுத்த பிறகுதான் அனுப்பினார்கள். ஆஸ்பத்திரியில் காசு வாங்கவில்லை. சம்பளமில்லாத நாட்களில் முதலாளி வீட்டிலிருந்து அரிசி வந்ததாகவும், இளநீர் சுப்பையா அண்ணன் உபயம் என்றும் வள்ளி பிறகு சொன்னாள்.

வீட்டுப் படியேறியபோது மீனாள் என் முகத்தைப் பார்த்து அலறிக்கொண்டு தாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டது. குழிக்குழியாக இருந்த முகம் அதற்கு யாரோ. வள்ளி என்னைப் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன். "அப்பாவுக்குக் கையக் காமி" என்று குழந்தையின் சட்டைக் கையைச் சுருட்டினாள். வலது கையில் இரண்டு பொருக்கு, கறுத்துக் காய்ந்து. இடது கை வழவழவென்று சுத்தமாக இருந்தது.

என் பஸ்ஸில் வந்தவர்களில் நோய் கண்டது ஒருவருக்கு, அழகம்மைக்கு. காதர் தேடிப் போனபோது அவள் தன் மகள் இருக்கும் ஊருக்குப் போயிருந்தாள். பிழைத்துக்கொண்டாள், என்னைப் போலவே குழி விழுந்த முகத்தோடு. என்னால்தான் வந்ததா என்று ஒருவராலும் சொல்ல முடியவில்லை. எனக்குத் தெரியும் என்றே நான் வைத்துக்கொண்டேன். மறுபடி வேலைக்குப் போன முதல் நாள் அவள் ஏறினாள். என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நீ குடுத்த டிக்கெட்டு இன்னும் மூஞ்சியிலதான்ப்பா ஒட்டியிருக்கு" என்றாள். யாரும் சிரிக்கவில்லை. அவளே சிரித்து, என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தாள். அதுவரை அந்த சீட்டில் யாரும் உட்காரவில்லை.

அடுத்த வருஷம், திருவிழாவுக்குச் சற்று முன்னால், கண்டரமாணிக்கம் ஸ்டாப்பில் காதர் அம்மை குத்துகிற ஆட்களோடும் பெட்டியோடும் நின்றார். பஸ்ஸுக்குள்ளேயே வைத்துக் குத்த அனுமதி கேட்டார். குத்தினார்கள். எல்லோரும் சிரித்த முகமாகக் கையை நீட்டினார்கள். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். நடு சீட்டில் ஒரு பெண் மடியில் குழந்தை. அவள் முந்தானை முடிச்சில் சாம்பல் கசிந்திருந்தது. காதர் இறங்கிப் போனதும் அவள் விரல் முடிச்சுக்குப் போயிற்று.

நான் போய் அவள் முன்னால் குனிந்து, என் முகத்தை நன்றாக வெளிச்சத்தில் காட்டினேன். "தொடைக்காதீக தாயி" என்றேன். அவ்வளவுதான். அவள் கை முடிச்சிலேயே நின்றது. பின்னாலிருந்து அழகம்மை எழுந்து வந்து பக்கத்தில் நின்றுகொண்டாள், அவளும் முகத்தைக் காட்டி.

வெயில் ஏறியது. நாலு பேர் நேரமாச்சு என்று முணுமுணுத்தார்கள். விசில் என் வாயில் இருந்தது, ஊதவில்லை. சுப்பையா அண்ணன் கண்ணாடியில் என்னைப் பார்த்து, "போலாமாடா?" என்றார்.

நான் அந்தக் குழந்தையின் கையைப் பார்த்தேன்.

"இருங்கண்ணே. இன்னும் காயல."